தத்துவவாதியின் வாழ்க்கைக் குறிப்பை எழுதுவது எப்படி: எலிசபெத் ஆன்ஸ்கமை முன்வைத்து

தத்துவப் பேராசிரியர்களைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் வருகின்றன. பிறந்த ஊர், படித்த கல்லூரி, வகித்த பதவி, எழுதிய நூல், இறந்த நாள். எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் படித்து முடித்த பிறகு, அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க எதை எண்ணித் தவித்தார் என்று கேட்டால் வாசகரால் ஒரு வரி சொல்ல முடியாது. கலைக்களஞ்சியத்துக்காக இப்படிப்பட்ட கட்டுரைகளை எழுதுவதும் பிறர் எழுதியதைத் திருத்துவதும் என் வேலை. என் மேசைக்கு வரும் கட்டுரைகளில் அதிகம் காண்பது இந்தக் குறையைத்தான். அதனால், நான் எப்படி எழுதுகிறேன் என்பதை ஒரே ஒருவரை எடுத்துக்கொண்டு படிப்படியாகச் சொல்கிறேன். அவர் எலிசபெத் ஆன்ஸ்கம். 1919 முதல் 2001 வரை வாழ்ந்த பிரிட்டிஷ் தத்துவவாதி. ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பணியாற்றியவர்.

தேதிகளுக்கு முன்னால் கேள்வி

பணியை வாழ்க்கை வரலாற்றில் தொடங்காதீர்கள். அவர் எழுதியதில் சிறியதாக இரண்டை எடுத்து முதலில் படியுங்கள். ஒன்று அவர் கோபத்தில் எழுதியதாக இருக்கட்டும். இன்னொன்று நிதானமாக எழுதியது. இரண்டிலும் ஒரே கேள்வி எங்கே தலைகாட்டுகிறது என்று பாருங்கள். அந்தக் கேள்விதான் உங்கள் கட்டுரையின் முதுகெலும்பு.

ஆன்ஸ்கமைப் பொறுத்தவரை கோபத்தில் எழுதியது எது என்பதில் சந்தேகமில்லை. 1956இல் அமெரிக்க முன்னாள் அதிபர் ட்ரூமனுக்குக் கௌரவப் பட்டம் தர ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் முடிவு செய்தது. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு வீச உத்தரவிட்டவருக்கு மரியாதை செய்யக்கூடாது என்று ஆன்ஸ்கம் பல்கலைக்கழகக் கூட்டத்தில் எழுந்து பேசினார். ஆதரித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. அவர்களில் அவருடைய சக தத்துவவாதி ஃபிலிப்பா ஃபுட் ஒருவர். பட்டம் கொடுக்கப்பட்டது. ஆன்ஸ்கம் தன் வாதத்தைச் சிறு பிரசுரமாகத் தானே அச்சிட்டு வெளியிட்டார். தன் காரியம் நிறைவேறுவதற்கு வழியாக அப்பாவிகளின் சாவைத் தேர்ந்தெடுப்பது எந்தச் சூழலிலும் கொலைதான் என்பது அதன் மையக் கருத்து.

ட்ரூமனுக்காகப் பேசியவர் முன்வைத்த ஒரு வாதத்தை அந்தப் பிரசுரத்தில் கவனியுங்கள். உத்தரவின் அடியில் இருந்த கையெழுத்து மட்டும்தான் அவருடையது, பொறுப்பு பலருக்கும் உண்டு என்பது அந்த வாதம். ஒருவர் செய்த செயல் எது? தாளில் பேனாவை நகர்த்தியதா, உத்தரவு கொடுத்ததா, இரண்டு நகரங்களின் மக்களைக் கொன்றதா? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, அடுத்த ஆண்டான 1957இல் அவர் வெளியிட்ட ‘இன்டென்ஷன்’ (நோக்கம்) என்ற நூறு பக்கத்துக்கும் குறைவான நூலைத் திறந்தால், அங்கே அதே கேள்வி அமைதியான குரலில் கேட்கப்படுகிறது.

முதுகெலும்பு கிடைத்துவிட்டது: ஒரு மனிதர் ஒன்றைச் செய்யும்போது, அவர் செய்வது எது, அதில் அவர் நோக்கத்தோடு செய்வது எது? இதைக் கையில் வைத்துக்கொண்டு இப்போது தேதிகளுக்குப் போகலாம்.

பிறப்பும் படிப்பும்

பிறந்த இடத்தை எழுதும்போதே பலர் சறுக்குகிறார்கள். ஆன்ஸ்கம் 1919 மார்ச் 18 அன்று அயர்லாந்தின் லிமெரிக்கில் பிறந்தார். உடனே ‘ஐரிஷ் தத்துவவாதி’ என்று எழுதிவிடக்கூடாது. அவருடைய தந்தை பிரிட்டிஷ் படையில் அதிகாரி. பணி நிமித்தம் அங்கே இருந்தார். அயர்லாந்து முழுவதும் அப்போது பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தது. குழந்தை வளர்ந்ததும் பள்ளி சென்றதும் இங்கிலாந்தில். ஒரே வாக்கியத்தில் இந்தக் காரணத்தையும் சொல்லிவிடுங்கள்.

1937இல் ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் ஹியூஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1938இல் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார். 1941இல் முதல் வகுப்பில் தேறினார். இந்த மூன்று தேதிகளை மட்டும் வைத்தால் அவை மூன்று கற்களாகக் கிடக்கும். இடையில் உள்ள 1939ஐக் கொண்டுவாருங்கள். போர் மூண்ட அந்த ஆண்டில், இருபது வயது மாணவியான அவர், நார்மன் டேனியல் என்ற சக மாணவரோடு சேர்ந்து, நடக்கும் போர் நியாயமானதா என்று கேட்டு ஒரு பிரசுரம் எழுதினார். ஹிட்லரின் தரப்பு அநியாயமானது என்பதில் அவருக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் முற்றுகையாலும் குண்டுவீச்சாலும் பிரிட்டன் பொதுமக்களைத் தாக்கப்போகிறது. அந்தச் சாவுகளை ‘வேண்டாத பக்கவிளைவு’ என்று சொல்லித் தப்ப முடியாது என்றார். தலைப்பில் ‘கத்தோலிக்க’ என்ற சொல்லைத் திருச்சபையின் அனுமதி பெறாமல் போட்டதற்காகப் பேராயர் அதைத் திரும்பப் பெறச் சொன்னார். அவர்களும் திரும்பப் பெற்றார்கள்.

இந்த நிகழ்ச்சியை ‘இதர செய்திகள்’ என்ற பகுதியில் கொண்டுபோய் வைத்த கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பெரிய அநியாயமாகப் படும். 1956இல் அவர் எழுந்து பேசியதன் வேர் அங்கேதான் இருக்கிறது. எது நோக்கம், எது பக்கவிளைவு என்ற பிரிவினையைப் பற்றி இருபது வயதிலேயே அவர் வாதிட்டுக்கொண்டிருந்தார்.

படிப்பைப் பற்றி எழுதும்போது பாடத்தின் அமைப்பையும் ஓரிரு வரியில் சொல்வது நல்லது. அவர் படித்தது ஆக்ஸ்ஃபோர்டின் நான்காண்டுச் செவ்வியல் படிப்பு. முதலில் கிரேக்க, லத்தீன் இலக்கியம். பிறகு ‘கிரேட்ஸ்’ எனப்படும் இரண்டாம் பகுதியில் தத்துவமும் பழங்கால வரலாறும். அரிஸ்டாட்டிலை மூலமொழியிலேயே படித்தவர் என்பது இதிலிருந்து வாசகருக்குப் புரியும். பின்னாளில் அவர் அறவியலில் அரிஸ்டாட்டிலிடம் திரும்பியது திடீரென்று வந்ததாகத் தோன்றாது.

பதவிகளைப் படிப்பது

இங்கேதான் நிதானம் வேண்டும். பிரிட்டனின் பழைய பல்கலைக்கழகங்களில் பதவியின் பெயர் ஒன்று சொல்லும், அதன் பொருள் வேறொன்றாக இருக்கும்.

‘ஃபெல்லோ’ என்றால் ஒரு கல்லூரியின் உறுப்பினர். அந்தக் கல்லூரியை நிர்வகிப்பவர்களில் ஒருவராகவும் பெரும்பாலும் இருப்பார். பேராசிரியர் பதவியோ பல்கலைக்கழகத்துக்கு உரியது. அந்தக் காலத்தில் ஒரு துறையில் சில நாற்காலிகள்தான் இருந்தன. ஆகவே ஒருவர் முப்பது ஆண்டு ஃபெல்லோவாக மட்டும் இருந்தார் என்பதைப் பதவி உயர்வு கிடைக்காத கதையாக எழுதிவிடாதீர்கள். ஆய்வு ஃபெல்லோவுக்கும் கற்பிக்கும் ஃபெல்லோவுக்கும் உள்ள வேறுபாட்டையும் கவனியுங்கள். முன்னவருக்கு எழுதவும் சிந்திக்கவும் நேரம் உண்டு. பின்னவர் வாரந்தோறும் மாணவர்களை ஒருவராகவோ இருவராகவோ அழைத்து, அவர்கள் எழுதிவந்த கட்டுரையைக் கேட்டு விவாதிக்க வேண்டும்.

முனைவர் பட்டமும் அப்படித்தான். அந்தத் தலைமுறையின் ஆக்ஸ்ஃபோர்டு தத்துவவாதிகளில் கில்பர்ட் ரைல், ஜே. எல். ஆஸ்டின் உட்படப் பலர் ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கியவர்கள் அல்லர். இளங்கலையில் முதல் வகுப்பு, பிறகு ஃபெல்லோ பதவி என்பதே வழக்கமான பாதை. ஆன்ஸ்கமும் அந்தப் பாதையில் வந்தவர்தான். பழக்கத்தில் பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ போட்டுவிடுவதை நான் அடிக்கடி அடித்துத் திருத்த வேண்டியிருக்கிறது.

அவருடைய பாதை இது. 1942இல் கேம்பிரிட்ஜின் நியூனம் கல்லூரியில் ஆய்வு ஃபெல்லோ. அங்கே ஆஸ்திரியாவில் பிறந்த தத்துவவாதி லுட்விக் விட்கென்ஸ்டைனின் வகுப்புகளுக்குப் போகத் தொடங்கினார். 1946இல் ஆக்ஸ்ஃபோர்டின் சோமர்வில் கல்லூரி. அதன் பிறகும் ஒரு கல்வியாண்டு முழுக்க, வாரம் ஒருமுறை கேம்பிரிட்ஜுக்குப் பயணம் செய்து விட்கென்ஸ்டைனிடம் பாடம் கேட்டார். சோமர்வில்லில் 1970 வரை இருந்தார். 1970 முதல் 1986 வரை கேம்பிரிட்ஜில் தத்துவப் பேராசிரியர், ஜி. ஈ. மூரும் அவருக்குப் பின் விட்கென்ஸ்டைனும் வகித்த அதே நாற்காலி.

இதை எழுதும்போது பெண்களின் நிலையை ஒரு வாக்கியத்தில் பக்கத்தில் வையுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு 1920 முதல் பெண்களுக்குப் பட்டம் கொடுத்தது. கேம்பிரிட்ஜ் 1948 வரை பெண்களை முழு உறுப்பினர்களாக ஏற்கவில்லை. ஆன்ஸ்கம் நியூனமில் ஆய்வு செய்த ஆண்டுகளில் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்துத் தேறும் பெண்ணுக்கு ஆணுக்குரிய பட்டம் கிடையாது. அதே இடத்தில் 1970இல் அவர் பேராசிரியரானார். இதற்கு மேல் உணர்ச்சிகரமாக ஒன்றும் சேர்க்க வேண்டாம்; இரண்டு தேதிகளே போதும்.

கல்விப் பருவங்களின் பெயர்களும் குழப்பும். ஆக்ஸ்ஃபோர்டில் ‘ஹிலரி’ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரையிலான பருவம். கேம்பிரிட்ஜில் அதே பருவத்துக்கு ‘லென்ட்’ என்று பெயர். ‘இன்டென்ஷன்’ நூல் 1957 ஹிலரி பருவத்தில் ஆன்ஸ்கம் ஆற்றிய விரிவுரைகளிலிருந்து வந்தது. பருவத்தின் பெயரை மாதமாக மாற்றி எழுதினால்தான் ட்ரூமன் விவகாரம் முடிந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை என்பது வாசகருக்குத் தெரியும்.

நூலை எப்படிச் சொல்வது

வாழ்க்கைக் குறிப்பு எழுதுபவர்கள் பயப்படும் இடம் இது. அதனால் ‘செயல் பற்றிய தத்துவத்துக்கு முக்கியப் பங்களிப்பு’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தத்துவவாதியின் வாழ்க்கையில் நடந்தவற்றில் பெரியது அவருடைய சிந்தனைதான். அதற்கு இடம் கொடுக்க மற்ற எதை வேண்டுமானாலும் குறைக்கலாம்.

நூலில் உள்ள ஓர் எடுத்துக்காட்டை அவருடைய சொற்களுக்கு அருகிலேயே நின்று சொல்லுங்கள். ‘இன்டென்ஷன்’ நூலிலிருந்து நான் எடுப்பவை இரண்டு.

முதலாவது, பம்ப் அடிக்கும் மனிதன். ஒருவன் ஒரு வீட்டின் குடிநீர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருக்கிறான். தண்ணீரில் யாரோ நஞ்சு கலந்திருக்கிறார்கள். அது அவனுக்குத் தெரியும். வீட்டுக்குள் இருப்பவர்கள் கொடிய ஆட்சியை நடத்தும் கூட்டத்தார். அவன் கையை ஏற்றி இறக்குகிறான், பம்பை இயக்குகிறான், தொட்டியை நிரப்புகிறான், வீட்டிலிருப்பவர்களுக்கு நஞ்சூட்டுகிறான். இவை நான்கு செயல்களா? இல்லை, ஒரே செயலுக்கு நான்கு வருணனைகள் என்கிறார் ஆன்ஸ்கம். ‘ஏன் கையை ஆட்டுகிறாய்?’ என்று கேட்டால் ‘பம்பை இயக்க’, ‘அது ஏன்?’ என்றால் ‘தொட்டியை நிரப்ப’ என்று ஒன்றிலிருந்து ஒன்றாகப் பதில் வரும். இந்த ‘ஏன்’ என்ற கேள்விக்கு எந்த வருணனைகளின் கீழ் பதில் சொல்ல இடமிருக்கிறதோ, அவற்றின் கீழ் அந்தச் செயல் நோக்கமுள்ள செயல். இதைச் சொன்ன கையோடு ட்ரூமனின் கையெழுத்தை நினைவூட்டுங்கள். பேனாவை நகர்த்தினேன் என்பது உண்மை; கொன்றேன் என்பதும் உண்மை; இரண்டும் ஒரே செயல்தான். நூலையும் வாழ்க்கையையும் ஒட்டவைக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இரண்டாவது, கடைக்குப் போகும் கணவன். மனைவி எழுதிக்கொடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு அவன் பொருள்கள் வாங்குகிறான். ஒரு துப்பறிவாளர் பின்தொடர்ந்து, அவன் வாங்குவதையெல்லாம் எழுதிக்கொள்கிறார். முடிவில் இருவர் கையிலும் பட்டியல் இருக்கிறது. துப்பறிவாளரின் பட்டியலில் ‘வெண்ணெய்’ என்று இருந்து, பையில் இருப்பது மார்ஜரின் என்றால், பட்டியலை அடித்து எழுதினால் சரியாகிவிடும். கணவனின் பட்டியலில் அதே பிசகு நேர்ந்தால் பட்டியலைத் திருத்திப் பயனில்லை. பிழை செய்கையில் இருக்கிறது. உலகத்தைப் பார்த்து அறிவது ஒன்று, நான் செய்துகொண்டிருப்பதை நான் அறிந்திருப்பது இன்னொன்று என்பதை இவ்வளவு எளிதாகச் சொன்னவர்கள் குறைவு. இதை எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். தத்துவமே படிக்காதவர்களும் சட்டென்று நிமிர்ந்து உட்காருவார்கள்.

1958இல் வெளியான ‘மாடர்ன் மாரல் ஃபிலாசஃபி’ (நவீன அறவியல்) கட்டுரையை இதன் தொடர்ச்சியாக வையுங்கள். அதன் மூன்று கருத்துகளையும் தவறாமல் சொல்லலாம். மனம், செயல், நோக்கம் பற்றித் தெளிவான சிந்தனை கிடைக்கும்வரை அறவியலை ஒத்திவைப்பது நல்லது. கட்டளையிடும் கடவுளை விட்டுவிட்ட பிறகு ‘செய்தே ஆகவேண்டும்’ என்ற தார்மீகக் கட்டாயத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பதில் பொருளில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறவியலாளர் சிட்ஜ்விக்கிலிருந்து தன் காலம் வரையிலான ஆங்கில அறவியலாளர்களுக்கு இடையிலான வேறுபாடுகள் பெரிதல்ல. ‘கான்சிக்வென்ஷியலிசம்’ என்ற சொல்லை அவர் இந்தக் கட்டுரையில்தான் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். விளைவைக் கணக்கிட்டு எதையும் நியாயப்படுத்தலாம் என்ற போக்கை எதிர்ப்பதற்காக. அப்பாவியைக் கொல்வதுகூடச் சூழ்நிலையைப் பொறுத்தது என்று சொல்லத் தயாராக இருப்பவர்களைத்தான் அவர் மனத்தில் வைத்திருந்தார் என்பதை உங்கள் வாசகர் இதற்குள் தானே ஊகித்திருப்பார்.

மொழிபெயர்ப்புப் பணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஆனால் விட்டுவிடக்கூடாது. 1951 ஏப்ரலில் விட்கென்ஸ்டைன் இறந்தபோது, அவர் விட்டுச்சென்ற எழுத்துகளுக்குப் பொறுப்பாளர்களாக நியமித்திருந்த மூவரில் ஆன்ஸ்கம் ஒருவர். மற்றவர்கள் ரஷ் ரீஸும் ஜி. எச். ஃபான் ரைட்டும். விட்கென்ஸ்டைனின் ‘ஃபிலசாஃபிகல் இன்வெஸ்டிகேஷன்ஸ்’ நூல் 1953இல் ஆன்ஸ்கமின் ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளிவந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை: ‘விட்கென்ஸ்டைனின் சீடர்’ என்ற ஒரே முத்திரையில் அவரை அடைத்துவிடாதீர்கள். கேட்கும் முறையை அவரிடம் கற்றார். கேட்ட கேள்வி தன்னுடையது. 1939இன் பிரசுரத்தை எழுதியபோது அவர் இன்னும் விட்கென்ஸ்டைனின் வகுப்புக்குப் போகத் தொடங்கவில்லை.

கதைகளை எடைபோடுவது

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் ஆசிரியர்களைச் சுற்றிக் கதைகள் நிறைய. பத்திரிகைகளின் இரங்கல் குறிப்புகளில் அவை மொய்க்கும். பிரிட்டிஷ் அகாடமி தன் உறுப்பினர்கள் இறந்த பின் வெளியிடும் நினைவுக் கட்டுரைகளும் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதியும் தேதிகளுக்கு நம்பகமானவை. இரங்கல் குறிப்பிலிருந்து எடுக்கும் எதையும் இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு கதை. 1948 பிப்ரவரி 2 அன்று, ஆக்ஸ்ஃபோர்டின் சாக்ரட்டிக் கிளப் என்ற விவாதக் குழுவில், கிறிஸ்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் ‘மிராக்கிள்ஸ்’ (அற்புதங்கள்) நூலின் மூன்றாம் அத்தியாயத்தில் இயற்கைவாதத்துக்கு, அதாவது இயற்கைக்கு அப்பால் எதுவும் இல்லை என்ற கொள்கைக்கு, எதிராக முன்வைத்த வாதத்தை ஆன்ஸ்கம் மறுத்துப் பேசினார். லூயிஸ் நொறுங்கிப்போனார், அதற்குப் பிறகு சமய வாதங்களையே எழுதவில்லை என்று கதை வளர்ந்தது. ஆன்ஸ்கம் பின்னாளில் தன் கட்டுரைத் தொகுப்பின் முன்னுரையில் எழுதியது வேறு. குறிப்பிட்ட சில குறைகளைப் பற்றிய நிதானமான விவாதமாகவே அது தன் நினைவில் இருக்கிறது என்றார். லூயிஸ் அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதினார், 1960 பதிப்பில் அது இடம்பெற்றது. அதை அவருடைய நேர்மைக்கு அடையாளமாக ஆன்ஸ்கம் மதித்தார். ஆக, நான் எழுதும் வரிசை இது: நடந்தது, சம்பந்தப்பட்டவர் சொன்னது, கையில் உள்ள ஆவணம். கதையை அதன் பின்னால், கதை என்றே சொல்லி, ஒரு வரியில்.

இறுதித் தேர்வில் பழங்கால வரலாற்றில் பலவீனமாக இருந்தும் தத்துவத் தாள்களின் பலத்தில் முதல் வகுப்பு வாங்கினார் என்பார்களே, அது போன்றதை ‘என்பார்கள்’ என்ற சொல்லோடு வைத்துக்கொள்ளலாம். அவர் சுருட்டுப் பிடித்தார், கால்சட்டை அணிந்தார் என்பவற்றை நான் எழுதுவதே இல்லை. ஆண் பேராசிரியரைப் பற்றிய கட்டுரையில் அவர் என்ன உடுத்தினார் என்று எழுதுவோமா என்று கேட்டுப் பார்த்தால் முடிவு தெரிந்துவிடும்.

குடும்பம் அப்படியல்ல. 1941இல் பீட்டர் கீச்சை மணந்தார். அவரும் தத்துவவாதி, பர்மிங்காமிலும் பின்னர் லீட்ஸிலும் பணியாற்றியவர். ஏழு குழந்தைகள். ஆய்வுலகில் அவர் கடைசிவரை ‘மிஸ் ஆன்ஸ்கம்’தான். வேறுவேறு ஊர்களில் வேலை பார்த்த இரு தத்துவவாதிகள், ஏழு குழந்தைகள், அந்த ஆண்டுகளிலேயே விட்கென்ஸ்டைன் மொழிபெயர்ப்பும் ‘இன்டென்ஷன்’ நூலும் என்று சொன்னால், அது கல்விப் பணியைப் பற்றிய தகவலாகவே ஆகிறது. கீச்சைப் பற்றி எழுதும்போதும் இதைச் சொல்ல மறக்காதீர்கள்.

ஒரு மாதிரிப் பத்தி

இத்தனையும் சேர்ந்தால் தொடக்கப் பத்தி எப்படி அமையும் என்பதற்கு நான் எழுதிய ஒன்று:

“எலிசபெத் ஆன்ஸ்கம் (1919–2001) பிரிட்டிஷ் தத்துவவாதி. ஒரு செயலை நோக்கமுள்ள செயலாக்குவது எது என்ற கேள்வியை, போரில் பொதுமக்கள் கொல்லப்படுவதை எதிர்த்து 1939இல் எழுதிய பிரசுரத்தில் தொடங்கி, 1957இல் வெளிவந்த ‘இன்டென்ஷன்’ நூல்வரை தொடர்ந்து கேட்டார். ஆக்ஸ்ஃபோர்டின் சோமர்வில் கல்லூரியில் 1946 முதல் 1970 வரை ஃபெல்லோவாகவும், கேம்பிரிட்ஜில் 1986 வரை பேராசிரியராகவும் இருந்தார். விட்கென்ஸ்டைனின் எழுத்துகளை ஆங்கிலத்தில் கொண்டுவந்த முதன்மையானவர்களில் ஒருவர்.”

பதவிகள் மூன்றாம் வாக்கியத்தில்தான் வருகின்றன என்பதைக் கவனியுங்கள். ‘புகழ்பெற்ற’, ‘தலைசிறந்த’ என்ற அடைகள் ஒன்றுகூட இல்லை.

முடிவுப் பகுதியில் 1970க்குப் பிந்தைய ஆண்டுகளை அவசரமாகக் கடந்துவிட வேண்டாம். 1971இல் பேராசிரியராக அவர் ஆற்றிய தொடக்கவுரை காரண காரியம் பற்றியது. ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்றால் அது கட்டாயம் நிகழ்ந்தே தீரும் என்று பொருளல்ல என வாதிட்டது. 1975இல் ‘நான்’ என்ற சொல் எதையும் சுட்டும் பெயரல்ல என்று ஒரு கட்டுரை. 1981இல் மூன்று தொகுதிகளாகக் கட்டுரைகள். 2001 ஜனவரி 5 அன்று கேம்பிரிட்ஜில் இறந்தார். விட்கென்ஸ்டைன் அடக்கம் செய்யப்பட்ட அதே கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார்.

எழுதி முடித்ததும், தத்துவம் படிக்காத ஒருவரிடம் கட்டுரையைக் கொடுங்கள். படித்தபின் அவரிடம் தேதிகளைக் கேட்க வேண்டாம். ஆன்ஸ்கம் ட்ரூமனை ஏன் எதிர்த்தார், பம்ப் அடிக்கும் மனிதன் எதற்காக வருகிறான் என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால், பதவிகள் பற்றிய பகுதியில் பாதியை வெட்டிவிட்டு நூல் பற்றிய பகுதியை மறுபடி எழுதுங்கள்.